ஜெயமாலா அம்மா மாத்திரை விற்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, தாலுகா அலுவலகத்துக்கு எதிரே என் மேசையில் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குப் பட்டா மாறுதல் மனு எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. செஞ்சி கடைவீதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஜெராக்ஸ் மிஷின் வைத்திருப்பதால் என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். "ஜெயில் மாத்திரை கேஸில் மாட்டிய நம்மூர் கம்பவுண்டர் ஜெயமாலா இன்று காலை காலமானார். மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள்" என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நாற்பது ஐம்பது பேர் கும்பிட்டிருந்தார்கள். அந்த முதல் நாலு வார்த்தை பொய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்று கேட்டாள் மனுவுக்கு வந்த பெண்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க போயிட்டாங்க."

"சொந்தமா?"

சர்வே எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு மேசையைப் பூட்டினேன்.

கடைவீதிக்குப் பின்தெருவில் அவர் வீட்டு வாசலில் பதினைந்து பேர்கூட இல்லை. அனந்தபுரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் அவருடைய தம்பி ஸ்ரீபால் தலைமாட்டில் நின்றிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்ல பொம்பளதான். ஏதோ ஆசைப்பட்டுட்டாங்க." சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் எந்த மருந்தை எத்தனை சொட்டுக் கொடுப்பது என்று இதே வாசலில் வந்து கேட்டுக்கொண்டு போனவர். பிணத்துக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களுக்காக இல்லை. தெரிந்தும் கும்பிட்டுவிட்டுப் போனவர்களுக்காக.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். என்னை மனு எழுதும் ஏழுமலையாக உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் குட்டியானை வண்டியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதுகுவலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை, பிறகு வலி இல்லாத நாளிலும் தேவைப்பட்டது. ஒரு நாள் மதியம் அந்த மயக்கத்தில் வண்டி ஓட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதரை இடித்தேன். அவர் இறந்துவிட்டார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஐந்து வருடம் கிடைத்தது. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், அந்த ஒரு சிறையில்தான் இப்படி என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

உள்ளே போன மூன்றாம் நாள் என் உடம்பு என்னுடையதாக இல்லை. மாத்திரை நின்றுபோனதால் வாந்தி, பேதி, நடுக்கம். எலும்புக்குள் யாரோ ரம்பம் போடுவதுபோல வலி. சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தேன். வார்டர் லத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நடிக்கிறான். ஆஸ்பத்திரி சோறு துன்னணும்னு நடிக்கிறான்" என்றார். ஜெயமாலா அம்மா அந்தச் சிறை ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். வாரத்துக்கு இரண்டு நாள்தான் டாக்டர் வருவார். மற்ற நாள்களில் எல்லாம் அவர்தான். பிளாக்குக்குள் வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. யாரோ சொல்லி வந்திருந்தார். குனிந்து என் கையைத் தூக்கி வார்டரிடம் காட்டினார். "முடி நட்டுக்கிட்டு நிக்குது பாருங்க சார். அழுவற மாதிரி நடிக்கலாம், வலிக்கிற மாதிரி நடிக்கலாம். இத எவனாலயும் நடிக்க முடியாது." அன்றைக்கே அம்மா டாக்டருக்கு போன் போட்டுப் பேசி என்னை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வைத்தார். அதற்கு முந்தின வருடம் இதே நிலையில் ஒருவரை நடிக்கிறான் என்று விட்டுவிட்டதாகவும், அவர் பிழைக்கவில்லை என்றும் பிறகு சொன்னார். சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. கையில் இருந்த பஞ்சை மட்டும் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் அவர்மேல் வந்தது நன்றி இல்லை, ஆத்திரம்தான். மாத்திரையைக் கையில் தர மாட்டார். நொறுக்கக் கூடாதவை தவிர எல்லாவற்றையும் கல்வத்தில் இட்டுப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, அவர் கண்முன்னால் குடிக்க வைப்பார். குடித்ததும், "பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு" என்பார். நம்பரைச் சொன்னால் ஏற்க மாட்டார். வாய் அகலத் திறந்து "ஏழுமலை, செஞ்சி" என்று சொல்ல வேண்டும். நாக்குக்கு அடியில் எதுவும் ஒளிக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஒளித்து எடுத்துப்போன மாத்திரைக்குப் பிளாக்கில் பீடிக்கட்டு கிடைக்கும், சோப்பு கிடைக்கும், கேட்டதெல்லாம் கிடைக்கும். அந்த வியாபாரத்தை அவர் ஒரு கல்வத்தை வைத்து நிறுத்தப் பார்த்தார். ஒரு நாள் நான் தாங்க முடியாமல் கெட்ட வார்த்தையில் திட்டினேன். "திட்டிக்கோ" என்றார். "திட்டறதுக்கு வாயத் தொறந்தாதான் எனக்கு உள்ள தெரியும்." பக்கத்துப் படுக்கையில் இருந்தவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த மருந்தையும் அவர் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நாலு மாதத்தில் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தார்.

பச்சையம்மாளை நான் முதலில் பார்த்தது ஒரு மனு நாளில். சிறையில் வீட்டுக்காரர்கள் வந்து கைதியைப் பார்ப்பதை மனு பார்ப்பது என்போம். பச்சையம்மாள் மேல்மலையனூர்க்காரர். அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்பவர். மகன் குமார் என் பிளாக்கில் இருந்தான். முந்தைய மனுவில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, முடியலம்மா, செத்துடுவேம்மா என்று அழுதிருக்கிறான். அந்த அம்மாள் எங்கேயோ வாங்கி, சோற்றுப் பொட்டலத்துக்குள் நாலு மாத்திரை வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பிடித்தார்கள். வழக்குப் போட்டார்கள். வயதான அந்த அம்மாளை நடுவில் நிற்கவைத்து, நாலு மாத்திரையை மேசையில் பரப்பி, இரண்டு பக்கமும் நாலைந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. இனி அவருக்கு மனு கிடையாது என்று உத்தரவும் போட்டார்கள்.

அந்தப் பேப்பரை ஜெயமாலா அம்மா மேசைமேல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுல நாலு இருக்குது" என்றார். "நேத்து ஒரு நாள்ல பிளாக்குல ஓடினது எவ்ளோ ஏழுமலை?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எண்ண முடியாது என்றேன்.

"அத எந்த ஆத்தா சோத்துல வெச்சிக் கொண்டாந்தா?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பெருக்கும்போது காலி மாத்திரை அட்டை கிடைத்தால் குப்பையில் போடாமல் அவரிடம் தர வேண்டும். பிளாக்கின் பின்னால் இருந்த சாக்கடையில், குளியல் தொட்டியின் இடுக்கில் எல்லாம் கிடைத்தன. கழுவித் துடைத்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முக்கால்வாசி அட்டையின் பின்பக்கத்தில் அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. அந்த எழுத்து கடையில் வாங்கும் அட்டையில் இருக்காது. சிறைக்கு அரசு அனுப்பும் மருந்து, அவருடைய அலமாரிக்கு வந்து சேரும் முன்பே பாதியில் இறங்கி, பிளாக்குக்குள் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பச்சையம்மாளைப் படம் எடுத்தவர்களில் ஒருவர் தலைமை வார்டர். மருந்துப் பெட்டி வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் ஆள்கள்தான் எப்போதும் கூட இருப்பார்கள்.

அம்மா மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். நகலை நான் பிறகு படித்தேன். அதில் யாரையும் திட்டவில்லை. மருந்துப் பெட்டியை அவர் முன்னிலையில் பிரிக்க வேண்டும். டாக்டர் தினமும் வர வேண்டும். பழக்கத்தில் இருப்பவர்களை அடித்து நிறுத்த வைக்காமல் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். மனு பார்க்க வரும் தாய்மார்களை மட்டும் சோதிக்காமல் உள்ளே வரும் எல்லோரையும் சோதிக்க வேண்டும், அதைத் தன் பையிலிருந்தே தொடங்கலாம் என்று எழுதியிருந்தார். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினார். அதற்கும் வரவில்லை.

ஒரு காலையில் கதவு திறந்தபோது குமார் எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வயது. ஜெயமாலா அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்து, நகத்தைப் பார்த்து, தலையணையாக மடித்துவைத்திருந்த துணியை உதறினார். இரண்டு காலி அட்டை விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கத்தான் வெளியே வந்தார். ஆனால் எழுதப்பட்டது மாரடைப்பு. இருபத்தெட்டு வயதுப் பையனின் நெஞ்சு தானாக நின்றுவிட்டதாம். பச்சையம்மாளிடமும் அதையே சொல்லி உடலைக் கொடுத்தார்கள்.

மூன்றாவது கடிதத்தில் அந்தக் காலி அட்டைகளை வைத்துத் தைத்து அனுப்பினார். இதற்குப் பதில் வந்தது, வேறு விதமாக.

பத்து நாள் கழித்து ஒரு காலை. நான் உள்வாசல் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். அத்தனை வருடச் சர்வீஸில் முதல் முறையாக அவர் பையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். "தாராளமா பாருங்க. நானே எழுதிக் கேட்டதுதான்" என்று பையை நீட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்துக்குள் ஒருவர் கையை விட்டுக் கிளறினார். அதில் ஒன்றும் இல்லை. அவர் வெளியே எடுத்த அதே கை பையின் ஓரத்துக்குள் போனது. திரும்பி வந்தபோது விரல்களில் மூன்று அட்டை. அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல. அம்மா இரண்டு மாதம் சேர்த்த சாட்சியத்தை அப்படியே திருப்பி அவர்மேல் போட்டார்கள். இந்த மருந்து உன் அலமாரியில்தானே இருக்கும் என்று கேட்டார்கள். தயிர் ஒட்டிய அந்தக் கையை அந்த ஆள் அம்மாவின் துண்டிலேயே துடைத்தார். அம்மா சுற்றி நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் குனிந்து பெருக்கினேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். செஞ்சியில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பையில் கிடைத்த மாத்திரை மட்டும் போதாது, அவர் விற்றார் என்று சொல்ல ஒரு கைதி வேண்டும். மறுநாள் தலைமை வார்டர் என்னைக் கூப்பிட்டார். என் அப்பா அப்போது செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் பரோல் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நைனாவுக்கு எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

"மோசமா இருக்குது சார்."

"போய்ப் பாக்க வேணாமா?"

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. ஜெயமாலா எனக்குப் பலமுறை மாத்திரை விற்றார் என்று எழுதிவைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுமனே இருந்தது. நான் ஏழு மாதம் எதையும் தொடாதவன். முதலில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த அட்டையை எடுத்துக்கொண்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும்.

மூன்று நாள் பரோலில் வந்து நைனாவைப் பார்த்தேன். "நல்லா ஆயிட்டியாடா?" என்று கேட்டார். ஆயிட்டேன் நைனா என்றேன். அப்போது என் சட்டைப் பையில் அந்த அட்டை பாதி காலியாகியிருந்தது. இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார்.

திரும்பிப் போனபோது ஜெயமாலா அம்மா இல்லை. சஸ்பெண்டு. புதிதாக வந்தவர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பிளாக்கில் அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கவில்லை. தண்டனை முடியும்வரை நானும் அதில் மூழ்கித்தான் கிடந்தேன். வெளியே வந்த பிறகு மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டாவது முறையாக விட்டேன். உள்ளே மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த பழக்கம் இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டேன்.

ஒரு நாள் பகலில் நாற்காலியில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"ஒரு மனு எழுதணும்" என்றார் ஜெயமாலா அம்மா.

பேனாவைக் கீழே வைத்தேன். "அம்மா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஸ்டேட்மெண்ட் காப்பி எனக்கும் குடுத்தாங்க." பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இங்க பாரு. எழுதினவனுக்கு உன் பேரே எழுதத் தெரியல. மூணு எடத்துல ஏளுமலைன்னு போட்டிருக்கான். கீழ கையெழுத்துல நீ ஏழுமலைன்னு சரியா போட்டிருக்க. நீ படிச்சிப் பாத்துப் போட்டிருந்தா திருத்தியிருப்ப. படிக்காமதான போட்ட?"

"படிச்சேம்மா" என்றேன். "படிச்சிட்டுத்தான் போட்டேன்."

கோபம் வந்தால் அவருக்கு மூக்கு நுனி வெளுக்கும். அன்று அப்படி வெளுத்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதெல்லாம் என்கிட்ட கேக்காத. எனக்கு அது வேணாம். என்கொயரி இன்னும் முடியல. உன்ன சாட்சியா விசாரிக்கணும்னு மனு எழுதணும். நீயே எழுது. எழுதிட்டு, வந்து உண்மையச் சொல்லு."

எழுதினேன். அந்த மனுவுக்கு அவர் காசு கொடுத்தார், வாங்காமல் விட மாட்டேன் என்றார்.

விசாரணைக்கு நாள் குறித்ததும் இரண்டு பேர் பைக்கில் வந்து என் மேசைக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டு அரை நாள் நின்றார்கள். யார் அனுப்பியவர்கள் என்று எனக்குத் தெரியும். விசாரணை அறையில் தலைமை வார்டர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "அப்போ பொய் சொன்னியா, இல்ல இப்போ சொல்றியா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். அப்போது சொன்னேன் என்றேன். எதற்கு என்றார். "நைனாவைப் பார்க்கறதுக்கு. அப்புறம் ஒரு அட்டை மாத்திரைக்கு" என்றேன். முதலாவதை மட்டும் எழுதினார். இரண்டாவதையும் எழுதுங்க சார் என்றேன். முறைத்துவிட்டு எழுதினார்.

தீர்ப்பு வர இன்னும் ஒன்றரை வருடம் இழுத்தார்கள். அதற்குள் அவர் ஓய்வுபெறும் வயது தாண்டிவிட்டது. வந்த உத்தரவில் "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று இருந்தது. நான் சந்தோஷமாக அதைப் படித்துக் காட்டினேன். அவர் தாளைப் பிடுங்கினார். "நிரூபிக்கலயா? செஞ்சா, ஆனா நிரூபிக்கலன்னு அர்த்தமா? நான் செய்யலன்னு எழுதறதுக்கு இவனுங்களுக்கு மை இல்லையா?" வேறு யாருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. தலைமை வார்டருக்கு இடமாற்றம், கூடவே பதவி உயர்வு. அரசாங்கம் அவரை அந்தச் சிறையிலிருந்து எடுத்து இன்னொரு சிறைக்குக் கொடுத்தது. அங்கேயும் மருந்துப் பெட்டி வரும்.

அந்த உத்தரவை நூறு பிரதி எடுத்து நான் கடைவீதியில் ஒட்டியிருக்க வேண்டும். மிஷின் என்னிடம்தான் இருந்தது. ஒட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டிருப்பீர்கள். அதனால் ஒட்டவில்லை. அவர் நம் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கேட்டுப் போனபோது, "உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்குது, ஜனங்க பேசுவாங்க இல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஜனங்களில் நானும் ஒருவன், பேசாமல் இருந்த ஜனம். அதே கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை அட்டை அட்டையாகப் போகிறது. அங்கே யாரும் யார் பையையும் திறப்பதில்லை.

உத்தரவு வந்த பிறகு அவர் ஒரு அமாவாசைக்கு என்னை மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனார். சிறப்புப் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் இறங்கினோம். கூட்டத்துக்குள் தேடி, எலுமிச்சம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பச்சையம்மாளைக் கண்டுபிடித்தார். மண்ணில் பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார் என்று சொல்லி, "உன் பையன் மாரடைப்புல சாகல" என்றார். எப்படிச் செத்தான், அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். பச்சையம்மாள் பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"புடிபட்டனே, அதுக்கு முந்தி ஒரு தபா குடுத்தேன். அதனாலதான் நெஞ்சி கெட்டுப்போயி செத்துட்டான்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கெடக்கிறேன். நாலு மாத்திரைக்கு என் மேல கேஸு போட்டீங்க. அவன் செத்த மாத்திரைக்கு யார் மேல போட்டீங்க?"

"யார் மேலயும் போடல."

"நீ அங்கதான இருந்த?"

ஜெயமாலா அம்மா மூன்று கடிதம் எழுதியவர். அதற்காகவே வேலையை இழந்தவர். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமா, இருந்தேன்" என்றார்.

பச்சையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பச்சையம்மாள்தான், "இப்ப இன்னா பண்ணணும் சொல்லு" என்றார். மகன் சாவை மறுபடி விசாரிக்கக் கேட்டு கோர்ட்டுக்குப் போனது அப்படித்தான். வக்கீலுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் நான் எழுதினேன். அம்மா சாட்சி சொன்னார். இரண்டு வருடமாக வாய்தா, வாய்தா என்று போய்க்கொண்டிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு முறையும் அந்தச் சாட்சியின் பெயர் வரும்போது, மாத்திரைக் குற்றச்சாட்டில் இருந்தவர் என்று சேர்த்துத்தான் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதியவரும் அதைத்தான் எழுதினார். இருவருக்கும் ஒரே நாக்கு.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் கஞ்சி கொடுத்துவிட வேண்டும், சமணர் வழக்கப்படி அதற்குப் பிறகு வாயில் வைக்க மாட்டார் என்று ஸ்ரீபால் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அடுத்த வாய்தா எப்போ?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் முதல் வியாழக்கெழமம்மா."

"போவியா?"

"போவேன்."

"நான் இல்லன்னாலும்?"

"போவேம்மா."

கண்ணை மூடிக்கொண்டார். நான் நகராமல் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்காகத்தான். அவர் கண்ணைத் திறந்து, "பஸ்ஸு போயிடப்போவுது, கெளம்பு" என்றார்.

அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் நான் அன்றைக்கே இந்த வழக்கை விட்டு இறங்கி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். இதை எழுதியிருக்க மாட்டேன். அவருடைய அன்பைப் பற்றிச் சொல்லப் பிழைத்துப்போன பல பேர் இருக்கிறார்கள், அதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அவர் எனக்குத் தராமல் போன மன்னிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். நாளை வியாழக்கிழமை. பச்சையம்மாள் மேல்மலையனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நானும் ஏறுவேன்.